பைபர் வள்ளம் தெரிந்த கைக்குப் பைபர் விமானம்: திருகோணமலைக் கொட்டிலில் தொடங்குவது எப்படி

கொட்பேயிலும் கிண்ணியாவிலும் உப்புவெளிக் கரையிலும் பைபர் வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மட் எனப்படும் நெய்யாத கண்ணாடி இழை விரிப்பை ஒட்டி, ரெசின் தடவி, ரோலர் உருட்டிப் பழகிய கைகள் அவை. வீட்டிலேயே சின்ன விமானம் கட்டலாமாமே என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கைகளோடுதான் வருகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கண்ணாடித் துணியைக் கண்டு உங்களுக்குப் பயம் இல்லை, அது பெரிய முதல். ஆனால் வள்ளக் கொட்டிலில் பழகிய மூன்று நான்கு பழக்கங்களை வாசலில் கழற்றி வைக்க வேண்டும். அப்புறம் நம்மூர்க் காற்றையும் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் பொறுமையாகப் படித்துக்கொள்ளக் கூடியவை.

வேலைமுறையை முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ருட்டானின் வரிஈஸி 1975இலும் லோங்ஈஸி 1979இலும் முதன்முதலில் பறந்தன. வீட்டில் கட்டுகிறவர்கள் இடையே அச்சு இல்லாத பைபர் வேலை பரவியது அந்த விமானங்களால்தான். வள்ளத்துக்கு முதலில் அச்சுச் செய்து அதற்குள் பைபர் போடுகிறோம். இங்கே அச்சே கிடையாது. நுரைக் கட்டியைச் சூட்டுக் கம்பியால் இறக்கை வடிவத்துக்கு வெட்டி, அதன் மேலேயே கண்ணாடித் துணியை எபொக்சி என்ற ரெசினால் ஒட்டுகிறோம். நுரை உள்ளேயே தங்கிவிடும். ஒரேயொரு விமானம் கட்டுகிற ஆளுக்கு இதைவிட வசதியான வழி இல்லை.

## பணம் செலவழிக்க முன்

முழு வரைபடமும் கைநூலும் உள்ள, பலர் கட்டிப் பறந்த ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். சொந்தமாக வரைய வேண்டாம். எத்தனை அடுக்குத் துணி, எந்தச் சாய்வில் என்று வரைபடம் சொன்னால் அத்தனைதான், அந்தச் சாய்வில்தான். அடுத்ததாக, சிவில் விமான சேவைகள் அதிகாரசபையோடு முதல் துணியை வெட்டுவதற்கு முன்பே எழுத்தில் பேசத் தொடங்குங்கள். எந்த வகையில் பதிவு, யார் எந்தக் கட்டத்தில் வந்து பார்ப்பார் என்பதெல்லாம் தெரியாமல் இறக்கையை மூடிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று பின்னால் காட்ட முடியாது. சீனக்குடா ஓடுபாதை பக்கத்திலேயே இருக்கிறது என்ற நினைப்பில் இதைத் தள்ளிப் போடாதீர்கள். அது விமானப்படையின் இடம்; அங்கே உங்களுக்கென்று தானாக எந்த உரிமையும் வந்துவிடாது.

## கொட்டிலும் காற்றும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன். வெளிநாட்டுக் கைநூல்களில் பாதி, குளிர் நாட்டுக் கராஜை எப்படிச் சூடாக்குவது என்றுதான் சொல்லும். நமக்குத் தேவை அதற்கு நேர் எதிரான பாடம்.

எபொக்சிக்குப் பிடித்த வெப்பம் 25 பாகை செல்சியஸை ஒட்டியது. ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 70ஐத் தாண்டினால் நான் கையை வைப்பதில்லை. வெப்பம் ஏறக்குறைய 10 பாகை கூடினால் ரெசின் கெட்டிப்படும் நேரம் பாதியாகிவிடும். 25 பாகையில் 40 நிமிடம் தாங்குகிற கலவை, கச்சான் காற்றுக் காலத்து மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே 35 பாகையில் 20 நிமிடத்தில் கையை விட்டுப் போய்விடும். ஆகவே விடியக்காலையில் செய்வோம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காற்றில் ஈரம் மிக அதிகமாக இருப்பது விடியலில்தான். ஈரக் காற்றில் ஆறுகிற எபொக்சியின் மேல் மெழுகு போல ஒரு வழுவழுப்பு படியும். ரெசினை இறுக்கச் சேர்க்கும் ஹாட்னரில் உள்ள அமைன் என்ற பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. அதன் மேல் அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டியது போலத் தெரியும், ஆனால் ஒட்டாது.

நான் கண்ட வழி, கச்சான் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் பின்னேரம் 4 மணிக்குத் தொடங்குவது. காற்று காய்ந்திருக்கும், வெப்பம் இறங்கத் தொடங்கியிருக்கும். வெப்பம் இறங்குகிற நேரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: நுரைக்குள் இருக்கும் காற்றுச் சுருங்கும். காலையில் ஒட்டினால் வெயில் ஏற ஏற அதே காற்று விரிந்து, துணிக்குக் கீழே குமிழியாகத் தள்ளிக்கொண்டு வரும்.

மாரி காலத்தில், ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, பெரிய ஒட்டு வேலைகளை வைத்துக்கொள்ளாதீர்கள். சூட்டுக் கம்பிக்கு வழிகாட்டும் பலகை அச்சு வெட்டுவது, நுரை வெட்டிச் செதுக்குவது, உலோகப் பாகங்கள் செய்வது, தேய்ப்பு வேலை எல்லாவற்றையும் அந்த மாதங்களுக்கு ஒதுக்குங்கள். சின்னத் துண்டுகளை ஒட்ட வேண்டி வந்தால், ஏசி உள்ள ஒரு படுக்கையறை இரண்டு நாளைக்குக் கிடைத்தால் போதும். ஏசி குளிரை மட்டும் தருவதில்லை, ஈரத்தையும் இழுத்துவிடும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டிய கருவி, வெப்பமும் ஈரப்பதனும் ஒன்றாகக் காட்டும் சின்ன மீற்றர். எந்தத் துளைப்பானையும் விட அது முக்கியம். அதை மேசை உயரத்தில் தொங்கவிடுங்கள். கூரைக்குக் கிட்டவும் வேண்டாம், வாசலுக்குக் கிட்டவும் வேண்டாம்.

கொட்டில் கடற்கரையை ஒட்டி இருந்தால் உப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். தேய்த்து வைத்த பரப்பை இரண்டு நாள் திறந்து வைத்தால் உப்பு படியும், உப்பு ஈரத்தை இழுக்கும். தேய்த்த அன்றே ஒட்டுங்கள். முடியாவிட்டால் பொலித்தீன் போட்டு மூடி, ஒட்டும் நாளில் மறுபடி ஒருமுறை தேயுங்கள். கடற்பக்கச் சுவரை மூடி, நிலப்பக்கம் கதவு வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

கைநூல்கள் சொல்லாத இன்னொன்று நுளம்பு வலை. பின்னேரம் தொடங்கிய வேலை விளக்கு வெளிச்சத்தில்தான் முடியும். மழை பெய்த மறுநாள் ஈசல் கூட்டமாக வந்து ஈர ரெசினில் விழும். ஈசலைத் தேடிப் பல்லி வரும். வேலைமேசைக்கு மேலே நாலு பக்கமும் தொங்குகிற மாதிரிப் பெரிய வலையொன்றைக் கட்டிவிடுங்கள். கரண்ட் போனால் பாதியில் நிற்காமல் இருக்க, சார்ஜ் விளக்கு இரண்டையும் கைக்கெட்டிய தூரத்தில் வையுங்கள்.

## மேசை, தங்கூசி, ரசமட்டம்

மேசை 12 அடி நீளமும் 3 அடி அகலமும் இருந்தால் தாராளம். உயரம் உங்கள் இடுப்புக்குச் சற்று மேலே இருக்கட்டும். மூன்று மணி நேரம் குனிந்து வேலை செய்தவருக்குத்தான் அந்தச் சில அங்குலத்தின் அருமை தெரியும். மேற்பரப்பு தட்டையாக இருப்பதும், முறுக்கு இல்லாமல் இருப்பதும்தான் உயிர். வள்ளம் செய்கிற ஓடாவி ஒருவரைக் கூப்பிட்டுச் சட்டம் அடியுங்கள். முறுக்கைக் கண்ணால் பிடிக்கிற ஆட்கள் அவர்கள். மேசையில் முறுக்கு இருந்தால் அதன் மேல் செய்த இறக்கையிலும் இருக்கும். முறுக்கிய இறக்கையைப் பிறகு நேராக்க முடியாது.

அளவு பார்க்க விலையுயர்ந்த லேசர் தேவையில்லை. நல்ல ரசமட்டம் ஒன்று, தூக்குக்குண்டு ஒன்று, 20 அடி தெளிந்த ரியூப்பில் சாயத் தண்ணீர் விட்ட நீர்மட்டம் ஒன்று, நேர்கோட்டுக்குத் தங்கூசி என்கிற நைலோன் நூல். தங்கூசியை இழுத்துக் கட்டினால் பருத்தி நூல் போலத் தொய்யாது. நீர்மட்ட ரியூப்பில் காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் அளவு பிழைக்கும். ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரசமட்டத்தை வாங்கும்போதே கடையில் ஒரே இடத்தில் இரண்டு பக்கமாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். குமிழி இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

பாகங்களைத் தாங்கிகளில் தற்காலிகமாகப் பிடித்து வைக்க, கார் பொடி வேலைக்காரர்கள் பூசுகிற பட்டி அருமையானது. சில நிமிடத்தில் இறுகும், வேலை முடிந்ததும் தட்டி எடுக்கலாம். ஆனால் அது பொலியெஸ்டர் வகை. ஆறிய கண்ணாடித் துணியின் மேல் மட்டும் வையுங்கள், வெறும் நுரையின் மேல் ஒருபோதும் வேண்டாம். காரணம் அடுத்து வருகிறது.

## வாசலில் கழற்றி வைக்க வேண்டியவை

வள்ளத்துக்குப் போடுகிற ரெசின் பொலியெஸ்டர். அதில் ஸ்டைரீன் இருக்கிறது. ஸ்டைரீன், ரிஜிபோமையும் அதே குடும்பத்தைச் சேர்ந்த, இறக்கைக்குப் போடுகிற நீல நுரையையும் கரைத்துவிடும். என் முதல் சோதனைத் துண்டில், மிச்சமாக இருந்த வள்ள ரெசினைத் தடவினேன். ஒரு பாட்டுக் கேட்டு முடிவதற்குள் நுரை குழிந்து, துணி பள்ளத்துக்குள் போய்விட்டது. மீன்பெட்டி ரிஜிபோமில் ஒரு துண்டு எடுத்து இரண்டு துளி விட்டு நீங்களே பாருங்கள். ஒருமுறை கண்ணால் கண்டால் மறக்காது. இந்த நுரைக்கு எபொக்சி மட்டும்தான்.

இரண்டாவது, ஹாட்னர். பொலியெஸ்டரில் மழை நாள் என்றால் ஹாட்னரைக் கொஞ்சம் கூட்டுவோம், வெயில் என்றால் குறைப்போம். அங்கே அது தூண்டி மட்டும்தான். எபொக்சியில் ஹாட்னரும் ரெசினோடு சேர்ந்து பொருளின் பாகமாகவே மாறுகிறது. 100க்கு 40 என்று போத்தலில் இருந்தால் 100க்கு 40தான், மழைக்கும் அதே, வெயிலுக்கும் அதே. கூட்டினால் சீக்கிரம் இறுகாது. ரப்பர் போலப் பலமில்லாமல் கிடக்கும். ஒரு வாடைக் காலத்தில் நான் கைப்பழக்கத்தில் கொஞ்சம் கூட்ட, ஒரு வாரம் கழித்தும் நகம் பதிந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிந்தேன். வேகம் வேண்டுமானால் வேகமான ஹாட்னரை வாங்குங்கள், அளவை மாற்றாதீர்கள்.

மூன்றாவது, ரெசின் கூட இருந்தால் பலம் என்ற எண்ணம். வள்ளத்தில் ரெசின் ஒரு லீற்றர் கூடினால் கடல் தாங்கிக்கொள்ளும். விமானத்தில் பலம் முழுக்கக் கண்ணாடி இழையில் இருக்கிறது. ரெசின் இழைகளைப் பிடித்து வைக்கும் பசை மட்டும்தான். நல்ல கைவேலையில் எடைக் கணக்குப்படி கண்ணாடி இரண்டு பங்கு, ரெசின் ஒரு பங்கு. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு கிராமும் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய கிராம்.

மட் விரிப்பையும் மறந்துவிடுங்கள். இங்கே நெய்த துணி இரண்டு வகை. ஒன்றில் இழைகள் இரு பக்கமும் சமமாக ஓடும். அதைப் பெரும்பாலும் 45 பாகை சாய்த்து வைத்து முறுக்கைத் தாங்க விடுவார்கள். மற்றதில் பெரும்பாலான இழைகள் ஒரே திசையில் ஓடும். இறக்கையின் நீளவாக்கில் வளைவைத் தாங்குவது அது. இரண்டையும் இரும்பு அலுமாரியில், பொலித்தீன் உறைக்குள், குழாயில் சுற்றித் தொங்கவிட்டு வையுங்கள். மடித்தால் இழை முறியும். வியர்த்த கையால் தொடாதீர்கள். துணி வெட்டும் கத்தரிக்கோலை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. வீட்டில் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தையற்காரர் பயன்படுத்தும் உருளும் வட்டக் கத்தி கிடைத்தால், சாய்வாக வெட்டும்போது துணி இழுபடாமல் இருக்கும்.

## சூட்டுக் கம்பி

வில் போல ஒரு மரச்சட்டம், இரண்டு முனைக்கும் நடுவே 0.8 முதல் 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள துருவேறாக் கம்பி. தட்டினால் தந்தி போல ஒலி எழும்படி இறுக்க வேண்டும். சூடானதும் கம்பி நீளும், ஆகவே இறுக்குகிற திருகு ஒன்றும் வேண்டும். மின்சாரத்தில் விளையாடாதீர்கள்: 230 வோல்ற் வீட்டு மின்சாரத்தை டிம்மர் வழியாக நேரே கம்பிக்குக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து. வீட்டு மின்சாரத்தோடு நேர்த்தொடர்பு இல்லாத டிரான்ஸ்போமர் வழியாகக் குறைந்த வோல்ற்றில்தான் ஓட்ட வேண்டும். பழகும்போது சின்ன வில்லுக்கு 12 வோல்ற் கார் பற்றரி சார்ஜர் ஒன்று போதும்.

கம்பி சிவக்கக் கூடாது. நான்கிலிருந்து ஆறு விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற வேகத்தில், தள்ளாமல், தானாகப் போவது போல நகர வேண்டும். வெட்டிய பரப்பில் சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் படிந்திருந்தால் சூடு சரி. பரப்பு உருகிப் பளபளத்தால் சூடு கூடிவிட்டது. கம்பியைத் தள்ள வேண்டி வந்தால் சூடு போதவில்லை; அப்போது நடுக்கம்பி பின்தங்கி, இறக்கையின் நடுவில் வடிவம் பிசகும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வீசுகிற காற்று கம்பியின் ஒரு பக்கத்தை மட்டும் ஆற்றிவிடும். கச்சான் நேரே உள்ளே வருகிற கொட்டிலில் அந்தப் பக்கம் ஒரு தடுப்பு வைத்தே வெட்ட வேண்டும். புகை வெளியே போக மேலே வழி இருக்கட்டும்.

நுரையின் இரண்டு முனையிலும் இறக்கை வடிவப் பலகை அச்சு ஆணியால் பொருத்தப்படும். 6 மில்லிமீற்றர் பிளைவுட் போதும், விளிம்பு மட்டும் வழவழவென்று இருக்க வேண்டும். ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் கம்பி அதில் தங்கி நுரையில் கோடு போடும். இரண்டு அச்சையும் ரசமட்டத்தால் ஒரே நிலைக்குக் கொண்டு வாருங்கள். அச்சின் ஓரத்தில் இலக்கங்கள் எழுதியிருக்கும். இரு பக்கமும் ஆள் நிற்க, ஒருவர் இலக்கத்தைச் சத்தமாகச் சொல்ல, மற்றவரும் அதே கணத்தில் அதே இலக்கத்தில் இருக்க வேண்டும். நானும் மச்சானும் செய்யும்போது, நான் “முப்பது” என்றால் அவர் “முப்பது” என்று திருப்பிச் சொல்லுவார். பிந்தினால் “பொறு அத்தான்” என்பார். நான் அந்த இடத்திலேயே மெதுவாக்குவேன். இறக்கையின் முன்விளிம்பு வளைவில் இரண்டு பேரும் வேகத்தைக் குறைக்க வேண்டும், கம்பியின் நடுப்பகுதி வந்து சேர நேரம் கொடுக்க வேண்டும்.

பழகுவதற்கு மீன்பெட்டி ரிஜிபோம் நல்லது, எங்கும் கிடைக்கும். ஆனால் மணிமணியாக உதிர்கிற அந்த வெள்ளை நுரையை, வரைபடம் நீல நுரை கேட்கிற இடத்தில் விமானத்துக்குப் போடக் கூடாது. இன்னொரு கண்டிப்பான விதி: சூட்டுக் கம்பியால் வெட்டலாம் என்பது ரிஜிபோம், நீல நுரை போன்ற பொலிஸ்டைரீன் நுரைக்கு மட்டும். யூரித்தேன் நுரையைக் கம்பியால் வெட்டினால் நச்சு வாயு வரும். அதையும் பிவிசி நுரையையும் கத்தியாலும் வாளாலும் சாண்ட்பேப்பராலும்தான் வடிவாக்க வேண்டும்.

## ரெசினை நிறுத்துக் கலக்குதல்

ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். தராசின் மேல் மெல்லிய பொலித்தீன் சுற்றி வையுங்கள், சொட்டு விழுந்தால் உரித்து எறியலாம். கழுவிக் காயவைத்த யோகட் கப் சின்னக் கலவைக்கு நல்லது. மெழுகு பூசிய காகிதக் கப் வேண்டாம், மெழுகு கலவைக்குள் இறங்கும். ஒரு தடவையில் 150 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். எபொக்சி தன் சூட்டிலேயே மேலும் சூடேறும். ஆழமான கப்பில் நிறையக் கிடந்தால் புகைந்து பாறையாகும். கலக்கி முடிந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் நேரம் கூடக் கிடைக்கும். தட்டையான முனையுள்ள குச்சியால் முழுதாக இரண்டு நிமிடம் கலக்குங்கள், சுவரையும் அடியையும் வழித்து வழித்து.

ரெசினை பிரிட்ஜில் வைத்தால் நேரம் கூடுமே என்று சிலர் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த போத்தலைத் திறந்தால் நம்மூர்க் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்துவிடும். தகரக் கூரையிலிருந்து தள்ளி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைப்பதே எளிது.

நுரையின் துளைகளை நிரப்ப, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழிகளாலான வெள்ளைத் தூளை எபொக்சியில் சேர்ப்போம். மைக்ரோ என்று சொல்வது அதைத்தான். சம அளவு தூளும் எபொக்சியும் என்றால் கரைத்த பால்மா போல ஓடும். துணி போட முன் நுரையில் தடவுவது அது. தூள் இரண்டு முதல் நான்கு பங்கு என்றால் தோசை மாப் பதம். நுரைக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்ட. ஐந்து பங்கு என்றால் வடை மாப் பதம், வழியாது, குழிகளை அடைக்க. இந்த மூன்றுக்கும் பலம் இல்லை, இலேசு மட்டும்தான். மூலைகளிலும் ஆணி பிடிக்கும் இடங்களிலும் பலம் வேண்டுமானால் பருத்தி இழைத் தூள் சேர்த்த கலவைதான். எல்லாம் அளவுக் கோப்பைக் கணக்கு. எபொக்சியும் ஹாட்னரும் மட்டும் தராசுக் கணக்கு.

கையுறை இல்லாமல் எபொக்சியைத் தொடாதீர்கள். நைட்ரைல் கையுறை, அதுவும் வியர்த்ததும் மாற்ற வேண்டும். எபொக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாளுக்கும் போகாது. என்னோடு ஆரம்பத்தில் வேலை செய்த ஒருவருக்குக் கண்ணிமை வீங்கி, இன்றுவரை இந்தக் கொட்டிலுக்குள் காலெடுத்து வைக்க முடியாமல் இருக்கிறது. கையில் பட்டால் சவர்க்காரமும் தண்ணீரும். அசற்றோனால் கை கழுவுகிற வள்ளக் கொட்டில் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; அது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

## முதல் துண்டு

விமானத்தின் எந்தப் பாகத்தையும் தொட முன் இதைச் செய்யுங்கள். 30 சென்ரிமீற்றர் சதுரம், ஓர் அங்குலத் தடிப்பு நுரை. சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள துணி என்றால், ஒரு பக்கத்துக்கு இரண்டு அடுக்கு 54 கிராம் வரும். நுரையை நிறுங்கள். மைக்ரோ தடவிய பின் மறுபடி நிறுங்கள். பிறகு துணியை வைத்து, எபொக்சியை நடுவில் ஊற்றி, பட்டி பூசும் பிளாஸ்டிக் தகட்டால் வெளிப்பக்கமாக மெதுவாக வழியுங்கள். மூலைகளில், மயிரைப் பாதியாக நறுக்கிய மலிவான தூரிகையால் செங்குத்தாகக் குத்துங்கள். தேய்த்தால் இழை நகரும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் காற்று அல்லது காய்ந்த இடம். குளம் போலப் பளபளத்தால் ரெசின் கூட. துணியின் நெசவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிய வேண்டும். விளக்கை நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பார்த்தால் எதுவும் மறையாது.

அதன் மேல் உரிதுணி ஒன்று. பூச்சு எதுவும் இல்லாத பொலியெஸ்டர்த் துணியைக் கடைசியாக வைத்து, கீழிருந்து ரெசின் ஊறும்வரை அழுத்துங்கள். ஆறிய பின் உரித்து எடுத்தால், நான் மேலே சொன்ன மெழுகுப் படலமும் அதோடு போய்விடும், சொரசொரப்பான சுத்தமான பரப்பு மிஞ்சும். நம்மூர் ஈரத்துக்கு இது ஆடம்பரம் இல்லை. தையல் கடை லைனிங் துணி சில வேளை இதற்கு உதவும். ஆனால் தண்ணீர் ஒட்டாத பூச்சு உள்ள துணி பரப்பையே கெடுத்துவிடும். கழிவுத் துண்டில் சோதிக்காமல் பாகத்தில் வைக்காதீர்கள்.

ஆறியதும் உரிதுணியை உரித்து, வெளியே நீண்ட ஓரத்தை நறுக்கி நிறுங்கள். துணிக்குள் போன ரெசின் 27 கிராமுக்குக் கிட்ட இருந்தால் மிக நல்ல கை. முதல் தடவை 40, 50 வரும். கவலைப்படாமல் அடுத்த துண்டைச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் முடிந்து ஒரு வாரம் ஆனதும் இரண்டு செங்கல்லின் மேல் வைத்து ஏறி நில்லுங்கள். அதே தடிப்பு வெறும் நுரை காலுக்குக் கீழே சட்டென்று முறியும், இது அசையாது. அன்று எனக்கு வந்த நம்பிக்கைதான் இன்றுவரை என்னை இந்தக் கொட்டிலில் வைத்திருக்கிறது.

## கத்தி நேரம்

ஒட்டி முடித்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். ரெசின் முழுதாக இறுக முன், துணி தோல் போல வளையும் ஒரு இடைநேரம் வரும். குளிர்ந்த நாடுகளில் நான்கைந்து மணி நேரத்துக்குப் பிறகு. நமக்கு இரண்டு மூன்று மணி நேரத்திலேயே. அப்போது புதிய பிளேட் போட்ட கத்தியால் ஓரத்தை வெட்டினால் வெண்ணெய் போலப் போகும். தவறவிட்டால் மறுநாள் வாளும், சாண்ட்பேப்பரும், உடம்பெல்லாம் கடிக்கிற கண்ணாடித் தூளும்தான். 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடித்தால், 8 மணியிலிருந்து ஒவ்வொரு கால் மணிக்கும் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டவும் கூடாது, நொறுங்கவும் கூடாது.

தேய்க்கிறபோது தட்டையான மரக்கட்டையில் ஒட்டிய 36 அல்லது 60 இலக்கச் சாண்ட்பேப்பர், நல்ல முகமூடி, நீளக்கைச் சட்டை. வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த நீரில் குளியுங்கள். ஆறிய பைபரில் துளையிடும்போது பின்னால் மரத்துண்டு அழுத்திப் பிடித்து, வேகமாகச் சுற்றவிட்டு மெதுவாக இறக்கினால் ஓரம் சிதறாது. அப்புறம் ஒரு நாணயத்தால் பரப்பு முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கள். நன்றாக ஒட்டிய இடம் ஒரே ஒலியாகக் கேட்கும். விட்ட இடத்தில் ஒலி மங்கிப் பொத்தென்று விழும். அங்கே பென்சிலால் வட்டம் போட்டு, கைநூல் சொன்னபடி திருத்துங்கள்.

முடித்த பாகங்களை வெயிலில் வைக்காதீர்கள். நீல நுரை சூரிய ஒளியில் தூளாக உதிரும், எபொக்சியும் பழுதாகும். அறைச் சூட்டில் இறுகிய எபொக்சி, அதிக வெப்பத்தில் இளகத் தொடங்கும். இந்த விமானங்கள் பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். கறுப்புப் பூசிய இறக்கையை நம்மூர்ப் பன்னிரண்டு மணி வெயிலில் நிறுத்தினால் கை வைக்க முடியாது. நிறம் பற்றிப் பிள்ளைகள் என்ன ஆசைப்பட்டாலும் இறக்கை வெள்ளையாகவே இருக்கட்டும், ஆசையை எழுத்திலும் கோட்டிலும் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஒட்டு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் கொப்பியில் எழுதுங்கள்: திகதி, தொடங்கிய நேரம், வெப்பம், ஈரப்பதன், ரெசின் போத்தலின் தொகுதி இலக்கம், நிறுத்த கிராம்கள், எத்தனை அடுக்கு, எந்தச் சாய்வு. மூட முன் உள்பக்கத்தைப் படமெடுங்கள். கலக்கிய கப்பின் அடியில் மிஞ்சுகிற ரெசினை எறியாமல், அதே திகதியைக் கப்பில் எழுதி அலுமாரித் தட்டில் வையுங்கள். மறுநாள் காலையில் தேநீரோடு போய் அதில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் அந்தப் பாகத்தின் மேல் அன்று வேறு எதையும் ஒட்டாதீர்கள்.